கேனோப்பியின் ஆயுள் அதன் விளிம்பில்

மாதிரி விமானத்தில் பிழையை மறைக்க இடமே தராத பாகம் கேனோப்பி. விமானியின் இருக்கைக்கு மேல் கவிந்திருக்கும், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் அந்த மூடியைத்தான் இந்தப் பெயரால் அழைக்கிறார்கள். பால்சா மரத்தில் ஒரு மூட்டு சரியாகச் சேராவிட்டால் பட்டி வைத்துத் தேய்த்து வண்ணம் அடித்துவிடலாம். இறக்கையின் விலா ஒன்று அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் மேலே ஒட்டும் படலம் அதை மூடிவிடும். கேனோப்பியில் இந்த வழிகள் எதுவும் இல்லை. பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது முடிந்த பாகமாகக்கூட இருப்பதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டின் நடுவே வடிவம் எழும்பியிருக்கும். சுற்றிலும் வேண்டாத தகடு நீண்டிருக்கும். அதை வெட்டி நீக்குவதும், மிஞ்சியதை விமான உடலின் வளைவுக்கு இசைய உட்கார வைப்பதும், ஒட்டுவதும் கட்டுகிறவரின் பொறுப்பு. ஒட்டிய அன்று எல்லாம் சரியாகவே தெரியும். சில மாதங்கள் பறந்த பிறகு ஒரு மூலையிலிருந்து மயிரிழை போன்ற விரிசல் கிளம்பும். அல்லது பின்புறம் உடலைவிட்டு எழும்பி நிற்கும். பிளாஸ்டிக் மட்டமானது என்றோ, பசை வலுவில்லாதது என்றோ பழி சொல்லப்படும். இந்த அத்தியாயம் வேறொன்றைச் சொல்ல வருகிறது. கேனோப்பி எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதைப் பெரும்பாலும் தகடோ பசையோ தீர்மானிப்பதில்லை. வெட்டிய விளிம்பில் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பு தாங்கும் விசை, எங்கே குவிகிறது என்பதே தீர்மானிக்கிறது. வெட்டுவது, தேய்ப்பது, பொருத்துவது, ஒட்டுவது ஆகிய நான்கு வேலைகளிலும் பின்பற்ற வேண்டிய விதியும் ஒன்றுதான்: விசை ஓரிடத்தில் குவிய வாய்ப்புக் கொடுக்கக் கூடாது.

இதைப் புரிந்துகொள்ள, தகடு அந்த வடிவத்துக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இன்று மாதிரி விமானக் கேனோப்பிகள் பெரும்பாலும் பெட்ஜி என்னும் பாலியெஸ்டர் வகைப் பிளாஸ்டிக்கில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் செய்யப்படுகின்றன. தகட்டை ஒரு சட்டத்தில் இறுக்கிப் பிடித்து, அது தளர்ந்து தொய்யும்வரை சூடாக்கி, அச்சின் மேல் இறக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் தகட்டை அச்சோடு ஒட்ட வைக்கும். இதில் புதிதாகப் பொருள் எதுவும் சேர்வதில்லை. பரப்பு கூடினால் தடிமன் குறைந்தே ஆக வேண்டும். ஓர் அரைக்கோளத்தின் பரப்பு அதன் அடிவட்டத்தின் பரப்பைப் போல இரு மடங்கு. ஆகவே 0.75 மில்லிமீட்டர் தகட்டிலிருந்து அரைக்கோளம் இழுத்தால் சராசரித் தடிமன் பாதியாகிவிடும். இந்த இழப்பு எல்லா இடத்திலும் சமமாகவும் இருக்காது. மேடான அச்சின் மேல் தகடு இறங்கும்போது உச்சிதான் முதலில் தொடும். தொட்ட இடம் குளிர்ந்து அங்கேயே நின்றுவிடும். மிச்ச நீட்சி முழுவதையும் பக்கச் சுவர்கள் தாங்கும். நாம் கோடு போட்டு வெட்டப்போவது அந்தப் பக்கச் சுவர்களின் அடியில்தான். உச்சியை விரலால் அழுத்திப் பார்த்து உறுதியாக இருக்கிறதே என்று நிம்மதி அடைகிறவர், மிக மெல்லிய இடத்தில் கத்தரியை வைக்கப்போகிறார் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இப்படி வடிவமாக்குவது இன்னொன்றையும் உள்ளே விட்டுச் செல்கிறது. பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகள் சூட்டில் இழுபட்டு, குளிர்ந்தபோது இழுபட்ட நிலையிலேயே உறைந்துபோகின்றன. பெட்ஜி ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸில் தன் விறைப்பை இழக்கும். அந்த வெப்பத்தை மறுபடி எட்டினால் மூலக்கூறுகள் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். வடிவம் சுருங்கித் தட்டையாக முயலும். வெட்டி எறிந்த பக்கச் சுவர்த் துண்டு ஒன்றைச் சூடாக்கினால் இதைக் கண்ணால் பார்க்கலாம். சரியாக உட்காராத கேனோப்பியை வெப்பக்காற்று அடித்து வளைத்துச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வது இதனால்தான் ஆபத்தான யோசனை. வளைவு சரியாகும் முன்பே விளிம்பு சுருண்டுவிடும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் மாதிரி விமானத்தை விட்டுப் போகக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

இனி விரிசலுக்கு வருவோம். 1913இல் சார்லஸ் இங்கிலிஸ் என்ற ஆங்கிலப் பொறியாளர், விரிசலும் கூர்மூலையும் உள்ள தகட்டில் தகைவு எப்படிப் பரவுகிறது என்று கணக்கிட்டுக் கப்பல் வடிவமைப்பாளர்களின் சங்கத்தில் வாசித்தார். கப்பலின் இரும்புத் தகட்டுக்காகச் செய்த கணக்கு அது. ஆனால் விதி தகட்டின் பொருளைப் பொறுத்தது அல்ல. தகட்டின் ஓரத்தில் ஒரு பள்ளம் இருந்தால், அதன் ஆழத்தை அதன் நுனி வளைவின் ஆரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரட்டித்து, ஒன்றைக் கூட்ட வேண்டும். சுற்றியுள்ள தகைவைப் போல அத்தனை மடங்கு தகைவு அந்த நுனியில் இருக்கும் என்று கொள்ளலாம். கத்தரி விட்டுச் சென்ற கீறல் ஒன்று அரை மில்லிமீட்டர் ஆழம், அதன் நுனியின் ஆரம் 0.005 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 100; வர்க்கமூலம் 10; இரட்டித்து ஒன்று கூட்டினால் 21. அதே அரை மில்லிமீட்டர் ஆழப் பள்ளத்தை உப்புத்தாளால் தேய்த்து நுனியின் ஆரத்தையும் அரை மில்லிமீட்டராக்கினால் விடை 3. ஆழம் மாறவில்லை, தகடு மாறவில்லை. உருட்டிவிட்டதாலேயே தகைவு ஏழில் ஒரு பங்காகிவிட்டது. ஜவுளிக்கடையில் துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு சிறு வெட்டுப் போட்டுவிட்டு, மிச்ச அகலம் முழுவதையும் கையாலேயே சர்ரென்று கிழிப்பார்களே, அங்கே நடப்பதும் இந்தக் குவிப்புதான். கேனோப்பியில் அந்த முதல் வெட்டை நாமே, அறியாமல், பல இடங்களில் போட்டுவைக்கிறோம்.

இங்கிலிஸின் கணக்கை அடுத்த படிக்குக் கொண்டுபோனவர் ஆலன் கிரிஃபித். அவர் வேலை பார்த்தது ஃபார்ன்பரோவில் இருந்த பிரிட்டிஷ் அரசின் விமான ஆய்வுக்கூடத்தில். கண்ணாடி ஏன் அதன் மூலக்கூறுப் பிணைப்புகள் அனுமதிக்கும் அளவைவிட மிகக் குறைந்த விசையிலேயே உடைகிறது என்ற கேள்விக்கு 1921இல் விடை சொன்னார். கண்ணுக்குத் தெரியாத நுண்பிளவுகள்தான் காரணம். விரிசல் நீளும்போது விடுபடும் மீள் ஆற்றல், புதிய பரப்பை உண்டாக்கத் தேவையான ஆற்றலைத் தாண்டிவிட்டால் விரிசல் தானாக ஓடும். அதே ஃபார்ன்பரோவில்தான் 1954இல் காமெட் பயணி விமானங்கள் நடுவானில் பிளந்த மர்மத்தையும் ஆராய்ந்தார்கள். முழு விமான உடலை நீர்த் தொட்டிக்குள் வைத்து, பயணத்துக்குப் பயணம் மாறும் அழுத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினார்கள். திறப்பு ஒன்றின் மூலையருகே தொடங்கிய சோர்வு விரிசல் உடலைப் பிளந்தது. உலோகத்தில் அப்படி. நம் மேசையில் இருக்கும் பிளாஸ்டிக்கிலும் மூலைகளே முதல் இலக்கு. ஆகவே கேனோப்பியில் உள்நோக்கி வளையும் மூலை ஏதாவது இருந்தால், வெட்டத் தொடங்கும் முன்பே அந்த இடத்தில் ஒரு வட்டத் துளை இட்டு, வெட்டு அந்தத் துளையில் வந்து முடியும்படி செய்வதுதான் முறை.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். கண்ணாடிக்கும் இரும்புக்கும் பொருந்துவது பிளாஸ்டிக்குக்கு எப்படிப் பொருந்தும்? பெட்ஜி வளையும், இழுபடும். விரிசலின் நுனியில் தகைவு உயர்ந்தால் அந்த இடம் கொஞ்சம் நெகிழ்ந்து நுனியைத் தானே மழுக்கிவிடும். 21 மடங்கு என்ற எண் ஏட்டில்தான் இருக்கும். மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. இந்த நெகிழ்வு இருப்பதால்தான் பெட்ஜி கேனோப்பி கண்ணாடி போலச் சில்லு சில்லாகச் சிதறுவதில்லை. ஆனால் நெகிழ்வதற்கு வெப்பமும் நேரமும் வேண்டும். குளிர்ந்த காலையில் பிளாஸ்டிக் விறைக்கும். விமானம் தரையில் மோதும்போதோ முரட்டுத்தனமாக இறங்கும்போதோ விசை வருவது நொடியின் சிறு பகுதிக்குள். நெகிழ அவகாசம் இல்லை. எல்லாவற்றையும்விட அதிர்வைக் கணக்கில் எடுக்க வேண்டும். மெத்தனால் எரிக்கும் சிறு எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடினால், பத்து நிமிடப் பறப்பில் கேனோப்பியின் விளிம்பு குறைந்தது ஒரு லட்சம் முறை அசைக்கப்படுகிறது. ஒவ்வொரு அசைவிலும் கீறலின் நுனி கண்ணுக்குப் புலப்படாத அளவு முன்னேறினாலும் போதும். முதல் நாள் உடையாத விளிம்பு மூன்றாம் மாதம் உடைவதற்கு இதைத் தவிர வேறு மர்மம் தேவையில்லை.

அப்படியானால் எப்படி வெட்டுவது? கத்தரிக்கோல் கூடாது என்பதல்ல. கத்தரியின் இரு அலகும் ஒன்றை ஒன்று கடக்கும்போது தகடு நறுக்கப்பட்டும் கிழிபட்டும் பிரிகிறது; விளிம்பின் ஒரு பக்கம் பிசிறு எழும்பும், மறுபக்கம் நுண்கிழிசல்கள் விழும். அலகுகள் முழுவதும் மூடும் புள்ளியில் வெட்டின் திசைக்குச் சற்று விலகிய ஒரு கொத்தல் விழும். இதுதான் மிகக் கெட்டது. அனுபவமுள்ளவர்கள் கத்தரியை ஒருபோதும் முழுக்க மூடுவதில்லை. வாய்ப்பகுதியை மட்டும் பயன்படுத்தி, தகட்டை முன்னே தள்ளிக்கொண்டே போவார்கள். வளைந்த அலகுள்ள கத்தரி இதற்கு உதவும். கத்தியால் கோட்டின் மேல் பலமுறை மெல்லக் கீறி, பிறகு முன்னும் பின்னும் அசைத்துப் பிரித்தெடுக்கும் முறையும் உண்டு. அது கிரிஃபித்தின் விரிசலை வேலைக்காரனாக வைத்துக்கொள்ளும் தந்திரம்: விரிசல் கீறலோடு ஓட வேண்டும் என்று நாமே ஏற்பாடு செய்கிறோம். நேர்க்கோட்டிலும் மென்மையான வளைவிலும் அது அழகாக வேலை செய்யும். கூர்மூலையில் கீறல் திரும்பும், விரிசல் திரும்பாது. நேராகக் கேனோப்பிக்குள் போய்விடும். அங்கேதான் பலருடைய பாகம் வீணாகிறது. சுழலும் சிறு சாணைத்தட்டால் அறுப்பது மூன்றாவது வழி. பல் வைத்த ரம்பம் போல அது கவ்வி இழுக்காது, ஆனால் சூடாக்கும். உருகிய பிளாஸ்டிக் விளிம்பில் திரண்டு ஒட்டிக்கொள்ளும். நிறுத்தி நிறுத்திச் செல்ல வேண்டும்.

மூன்றில் எதைக் கையாண்டாலும் கடைசிக் கோட்டில் வெட்டக் கூடாது. ஐந்தாறு மில்லிமீட்டர் வெளியே தள்ளி முதல் வெட்டு, பிறகு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே அடுத்தது. மிச்சத்தை உப்புத்தாள்தான் எடுக்க வேண்டும். காரணம், வெட்டும் கருவி சேதப்படுத்திய ஓரம் முழுவதும் தேய்த்து நீக்கப்பட வேண்டிய பொருள். உப்புத்தாள் வேலையை மெருகு என்று நினைப்பவர்கள் அவசரப்படுவார்கள். உண்மையில் விளிம்பைச் செய்வதே அதுதான். தேய்க்கும் திசையும் முக்கியம். விளிம்பில் வரும் இழுவிசை விளிம்பின் நீளவாக்கில் ஓடுகிறது. தடிமனுக்குக் குறுக்கே தேய்த்தால் விழும் கோடுகள் அந்த இழுவிசைக்குச் செங்குத்தாக, அதாவது விரிசல் திறப்பதற்கு வாகாக நிற்கும். நீளவாக்கில் தேய்த்தால் விழும் கோடுகள் விசையோடு இணையாகப் படுத்துவிடும், அவற்றால் தீங்கில்லை. 120ஆம் எண் தாளில் தொடங்கி 240, 400 என்று ஏறி, கடைசியில் 600ஆம் எண் தாளால் நீளவாக்கில் முடித்து, இரு ஓரக் கூர்மையையும் லேசாக உருட்டிவிட்டால் இங்கிலிஸின் கணக்கில் நாம் நல்ல பக்கத்துக்கு வந்துவிடுகிறோம்.

முழு அளவு விமானம் கட்டுகிறவர்களின் நடைமுறை இதற்கு வலுவான சான்று. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள வேன்ஸ் ஏர்கிராஃப்ட் விற்கும் ஆர்வி வகைப் பாகங்களை வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே முழு விமானம் கட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் கேனோப்பி அக்ரிலிக்கால் ஆனது, பல மில்லிமீட்டர் தடிமன் உள்ளது, விலை மிகுந்தது. அறையைச் சூடாக வைத்துக்கொண்டுதான் வெட்டுகிறார்கள். பல் வைத்த ரம்பத்தை ஒதுக்கிச் சாணைத்தட்டால் அறுக்கிறார்கள். வெட்டிய விளிம்பை உடனே தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். திருகாணித் துளைகளைத் திருகாணியைவிடப் பெரிதாக இடுகிறார்கள். கருவியும் அளவும் வேறு, பொருளும் வேறு. பழக்கம் மட்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்கிறது.

பொருத்துவதில் வேறு வகையான கணிதம் காத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் முஸ்டாங் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பி வகையில் சட்டங்களுக்கு இடையே பெரும்பாலும் தட்டையான கண்ணாடிப் பலகைகள். டி வகையில் தடையில்லாமல் சுற்றிலும் பார்க்க உதவும், ஒரே துண்டான குமிழ் வடிவக் கேனோப்பி. மாதிரிகளில் இவ்விரண்டும் முற்றிலும் வேறுபட்ட தொல்லைகளைத் தருகின்றன. ஒரு திசையில் மட்டும் வளைந்த தகட்டை இன்னும் கொஞ்சம் வளைக்கலாம், விரிக்கலாம், அது இணங்கும். இரு திசையிலும் வளைந்த குமிழ் அப்படி இணங்காது. ஒரு பரப்பின் உள்ளார்ந்த வளைவை, அதை நீட்டாமலும் சுருக்காமலும் மாற்ற முடியாது என்று கணிதவியலாளர் காஸ் 1827இல் நிறுவினார். குமிழ்க் கேனோப்பியின் விளிம்பை இரண்டு மில்லிமீட்டர் அழுத்தி உடலோடு ஒட்ட வைத்தால், அந்த மாற்றத்தை வளைதல் மட்டும் ஏற்காது. தகட்டின் எங்கோ ஒரு பகுதி நீள வேண்டும், வேறொரு பகுதி சுருங்க வேண்டும். பசை காய்ந்தபின் அந்த நீட்சி அங்கேயே நிரந்தரமாகத் தங்கும். டேப்பை இறுக்கி இழுத்து இடைவெளியை மூடிவிட்டேன் என்று மகிழ்வது, விமானம் பறக்கும் முன்பே விளிம்பில் சுமை ஏற்றி வைப்பதாகும். கேனோப்பி தன் எடையிலேயே, விரல் படாமல், சுற்றிலும் உடலைத் தொட்டு உட்கார வேண்டும். அதுவரை ஒட்டக் கூடாது.

அந்த நிலையை அடைய எளிய வழி, விமான உடலையே தேய்ப்பு அச்சாக மாற்றுவது. கேனோப்பி உட்காரும் இடத்தில் உப்புத்தாளை மணல் பக்கம் மேலே இருக்கும்படி டேப்பால் ஒட்டி, அதன் மேல் கேனோப்பியைச் சிறு வீச்சில் முன்னும் பின்னும் நகர்த்தினால், உடலின் வளைவையே விளிம்பு கற்றுக்கொள்ளும். உயர்ந்து நின்ற இடங்கள் தேயும், தாழ்ந்த இடங்கள் தொடாமல் தப்பும். பின்பகுதியில் மட்டும் இடைவெளி இருந்தால் பின்பகுதியை அழுத்தத் தோன்றும்; முன்பகுதியைத்தான் தேய்க்க வேண்டும். கடைசி நுண்தாள் தேய்ப்பை இதற்குப் பிறகு மறுபடி செய்தாக வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

தகைவை நேரடியாகக் கண்ணால் பார்க்கவும் முடியும். ஒளி ஊடுருவும் பொருளை அழுத்தும்போது அதன் ஒளியியல் பண்பு திசைக்குத் திசை மாறுகிறது என்று இயற்பியலாளர் டேவிட் ப்ரூஸ்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்தார். இன்று அதற்கு ஆய்வகம் வேண்டாம். எல்சிடி கணினித் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, போலராய்டு குளிர்கண்ணாடியைத் திரை இருளும்வரை திருப்பி, இடையே கேனோப்பியைப் பிடித்தால் அதன் மேல் வண்ணப் பட்டைகள் தோன்றும். இந்தப் பட்டைகள் எல்லாமே இப்போதைய தகைவு அல்ல. வடிவமைத்தபோது உறைந்துபோன மூலக்கூறு நீட்சியும் வண்ணம் காட்டும். ஆகவே மாற்றத்தைத்தான் கவனிக்க வேண்டும். கேனோப்பியைத் தளர்வாகப் பிடித்துப் பாருங்கள். பிறகு இரு பக்கமும் மெல்ல அழுத்திப் பாருங்கள். பட்டைகள் நகரும். கீறலோ கொத்தலோ உள்ள இடத்தைச் சுற்றி அவை நெருங்கித் திரளும். வழவழப்பான விளிம்பில் அவை பரவலாகவே கடந்து செல்லும்.

ஒட்டும் கட்டத்தில் வெப்பநிலையும் சேர்ந்துகொள்கிறது. பெட்ஜி ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 70 பங்கு விரிகிறது. பால்சா இழைவாக்கில் விரிவது நான்கைந்து பங்குதான். 300 மில்லிமீட்டர் கேனோப்பியை 35 டிகிரி வெக்கையில் ஒட்டி, பனி பெய்யும் ஊரில் சுழியத்துக்கு 5 டிகிரி கீழே பறக்கவிட்டால், 40 டிகிரி வேறுபாட்டில் கேனோப்பி 0.84 மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும்; மரம் 0.05 மில்லிமீட்டர்தான் சுருங்கும். இறுகிய பசை இரண்டையும் அசையவிடாமல் பிடித்துக்கொண்டால், பிளாஸ்டிக்கில் ஏறக்குறைய 5.5 மெகாபாஸ்கல் இழுவிசைத் தகைவு நிற்கும். பெட்ஜி தாங்கும் அளவு 50 மெகாபாஸ்கல் அளவில் இருப்பதால் இது அற்பமாகத் தோன்றும். இப்போது விளிம்பின் கணக்கை இதோடு பெருக்குங்கள். உருட்டிய விளிம்பில் 3 மடங்கு: 16.5 மெகாபாஸ்கல், கவலையில்லை. கத்தரிக் கீறலின் நுனியில் 21 மடங்கு: 115 மெகாபாஸ்கல், தாங்கும் அளவைப் போல இரு மடங்குக்கு மேல். நெகிழ்வு இந்த எண்ணைக் குறைக்கும் என்பதை ஏற்றுக்கொண்டாலும், ஒரே பிளாஸ்டிக்கில், ஒரே பசையில், ஒரே குளிரில் ஒரு கேனோப்பி பிழைப்பதற்கும் இன்னொன்று பிளப்பதற்கும் காரணம் இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

ஆகவே பசை வலுவாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். மணிக்கு 108 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 30 மீட்டரில், காற்றின் இயக்க அழுத்தம் 540 பாஸ்கல். மேலிருந்து பார்க்கையில் 200 சதுர சென்டிமீட்டர் உள்ள கேனோப்பியை அந்த அளவு உறிஞ்சல் தூக்கினால் மொத்த விசை ஒரு கிலோ எடைக்குச் சற்றே அதிகம். 80 சென்டிமீட்டர் சுற்றளவில் 4 மில்லிமீட்டர் அகலப் பசைப்பட்டை அதைப் பகிர்ந்துகொள்ளும்போது சாதாரண வெள்ளைப் பசைக்குக்கூட அது பொருட்டே அல்ல. எபாக்ஸியின் முழு வலுவும் இங்கே வேலையில்லாமல் கிடக்கும். அதன் விறைப்பு மட்டும் தீங்கு செய்யும். கேனோப்பிக்கென்றே விற்கப்படும் ஃபார்முலா 560 போன்ற பசைகள் நீர் சார்ந்தவை, நாம் ஃபெவிகால் என்று அறிந்த பசையின் உறவினர்கள். நிறமின்றிக் காய்ந்து, காய்ந்தபின்னும் கொஞ்சம் நெகிழ்வோடு இருப்பதுதான் அவற்றின் சிறப்பு. மெதுவாகக் காய்வது குறை என்பார்கள். நீர் வெளியேறப் பிளாஸ்டிக் வழிவிடாது என்பதால் ஓர் இரவு டேப்போடு விட்டுவைக்க வேண்டியிருக்கிறது, உண்மைதான். தன் எடையிலேயே உட்காரும் கேனோப்பிக்கு அந்த இரவு ஒரு சுமையே இல்லை. அவசரப் பசை தேவைப்படுவதெல்லாம் அழுத்திப் பிடிக்க வேண்டிய கேனோப்பிக்குத்தான்.

அந்த அவசரப் பசையின் வரலாறு கேனோப்பியோடு பிணைந்தது. சயனோஅக்ரிலேட், அதாவது கடையில் ஃபெவிக்விக் என்று கேட்டு வாங்கும் வகை, 1942இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் ஹாரி கூவர் குழுவினர் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது தட்டுப்பட்டது. தொட்டதையெல்லாம் ஒட்டியதால் ஒதுக்கப்பட்டது. 1951இல் ஜெட் விமானக் கேனோப்பிகளுக்கு வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் தேடிய ஆய்வில் மறுபடி வந்து, ஒளிவிலகல் அளக்கும் கருவியின் இரு பட்டகங்களை ஒட்டிவைத்துத் தன் மதிப்பை உணர்த்தியது. 1958இல் விற்பனைக்கு வந்தது. கேனோப்பிக்கான தேடலில் மதிப்பு பெற்ற அந்தப் பசை கேனோப்பிக்கு ஏற்றதல்ல. காய்ந்தால் விறைத்து நொறுங்கும். அதோடு அதன் ஆவி ஈரம் உள்ள பரப்பில் படிந்து வெண்படலமாக இறுகும். 1970களின் இறுதியில் ஜப்பானியக் காவல்துறை ஆய்வாளர்கள் மறைந்த கைரேகைகளை வெளிக்கொணர இதே பண்பைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். மூடிய விமானி அறைக்குள் அந்த ஆவி தேங்கினால், கேனோப்பியின் உட்பக்கம் பனிபடர்ந்தது போலாகி, கட்டியவரின் விரல் ரேகையும் அதில் பதிந்து நிற்கும். துடைக்க வழியிருக்காது.

கடைசியாக ஒரு மறுப்பு. பாலிகார்பனேட் தகட்டில் செய்தால் இந்தக் கவலைகள் தேவையில்லையே, ரேடியோ கார்களின் உடல்கள் எத்தனை மோதல்களைத் தாங்குகின்றன என்று கேட்கலாம். மெல்லிய பாலிகார்பனேட் கீறலையும் பொறுத்துக்கொள்ளும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தடித்த தகட்டில் கூர்வெட்டு விழுந்தால் அதுவும் நொறுங்கும், ஆனால் நம் கேனோப்பிகள் தடித்தவை அல்ல. அதன் பலவீனம் வேதியியலில் இருக்கிறது. தின்னர், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் இழுவிசையில் இருக்கும் பாலிகார்பனேட்டைத் தொட்டால் நுண்விரிசல் வலை படரும். இழுவிசை இல்லாத இடத்தில் அதே துடைப்பு பெரும்பாலும் மங்கலோடு நின்றுவிடும். அக்ரிலிக்கும் இப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் அக்ரிலிக் கேனோப்பித் துணுக்குகள் விமானிகளின் கண்களில் தைத்தும் கண் அவற்றை எதிர்க்கவில்லை என்று கவனித்த கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி, 1949இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அக்ரிலிக் வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். இன்றைய கண்புரை சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. கண்ணுக்குள் காலமெல்லாம் அமைதியாக இருக்கும் அதே பொருள், இறுக்கி மாட்டிய கேனோப்பியாக இருக்கும்போது ஆல்கஹால் துணி பட்டால் வெடிக்கிறது. வேறுபாடு தகைவில் இருக்கிறது. பொருளை மாற்றி விளிம்பின் வேலையிலிருந்து தப்ப முடியாது.

திருகாணியால் மாட்டுகிறவர்களுக்கும் ஒட்டுகிறவர்களுக்கும் இன்னும் இரண்டு சொற்கள். இரண்டு மில்லிமீட்டர் திருகாணிக்கு மூன்று மில்லிமீட்டர் துளை வையுங்கள், துளையின் உட்சுவரையும் தேய்த்து உருட்டுங்கள், இறுக்கி முடுக்காதீர்கள். விமானி அறையின் தரையில் ஒரு சிறு காற்றுத் துளை விடுங்கள்: முற்றிலும் அடைபட்ட அறை வெயிலில் 40 டிகிரி சூடேறினால் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 13,000 பாஸ்கல் உயரும், அது மேலே சொன்ன பறக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல 20 மடங்குக்கு மேல். நடைமுறையில் காற்று எங்காவது கசியும் என்றாலும் அதை விளிம்பின் வழியாகக் கசியவிட வேண்டாம். அடுத்த கேனோப்பியை எடுத்து மார்க்கரால் கோடு போடும்போது, கத்தரியைக் கோட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, கோடுவரை உப்புத்தாளோடு போங்கள்.